வடகடல் நுகமும் தென்கடல் கழியும்

ஜினதருமத்தில் 'தற்செயல்' என்னும் சொல்லுக்கு இடம் உண்டா என்னும் வினாவை நம் சிராவகர்கள் பலகால் எழுப்புகின்றனர். காரணமின்றிக் காரியம் இல்லை என்பது நம் ஆகமங்களின் துணிபு. ஆயினும், ஒருவரை நினைத்த கணத்தில் அவரே வாயிலில் வந்து நிற்பதும், தேடித் திரிந்த நூல் தேடாத இடத்தில் கைக்குக் கிட்டுவதும், கனவிற் கண்டது மறுநாள் எதிர்ப்படுவதும் உலகில் நிகழ்ந்தவண்ணம் உள்ளன. இவற்றைத் தெய்வச் செயல் என்று கைகூப்புவாரும் உளர். குருட்டு நிகழ்ச்சி என்று தள்ளுவாரும் உளர். புலவர், சிற்பியர், இசைவாணர் ஆகியோர் வாழ்வில் இத்தகைய பொருத்தங்கள் மிகுதியாகப் பேசப்படுகின்றன. நம் சமயத்தார் அருளிய பெருநூல்கள் சிலவற்றின் தோற்றமே இப்படிப்பட்ட சந்திப்புகளால் நேர்ந்தது என மரபு கூறுகின்றது. அவற்றுள் ஒன்று அழிவின் விளிம்பிலிருந்து மீண்டதும் ஒரு சந்திப்பினால்தான். ஆதலின் இப்பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்பது தமிழர் அனைவரும் அறிந்த பழமொழி. இதனையே வடநூலார் காகதாலீய நியாயம் என்பர். இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில், உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் புதுமடம் என்னும் ஊர் உள்ளது. மணலும் பனையும் கடலுமாக அமைந்த அப்பகுதியில் இப்பழமொழியைக் கண்ணாலேயே காணலாம். ஆடி, ஆவணித் திங்களில் பனம்பழம் கனிந்து காம்பு நெகிழ்ந்து நிற்கும். அவ்வேளையில் காக்கை வந்து அமர்கிறது, பழம் விழுகிறது. காக்கையின் எடை பழத்தை வீழ்த்தப் போதுமானதன்று என்பது சிறுவனுக்கும் தெரியும். அதே காக்கை சித்திரையில் நூறு முறை அமர்ந்தாலும் ஒரு காயும் உதிர்வதில்லை.

பழம் விழுந்ததற்குக் காரணம் யாது? கனியும் காலம் வந்தது. கனிந்தது காம்பை விட்டு நீங்குவது அதன் இயல்பு. காக்கை பறந்து வந்தது அதன் முயற்சி. காக்கைப் பிறவி அதன் முன்வினை. இவை யாவும் ஓரிடத்துக் கூடுமாறு அமைந்த ஒழுங்கு நியதி. காலம், இயல்பு, நியதி, முயற்சி, வினை என்னும் இவ்வைந்தனுள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 'இதுவே காரணம்' எனச் சாதிப்பது பொய்க்காட்சி என்றும், ஐந்தையும் கூட்டிக் காண்பதே நற்காட்சி என்றும் சித்தசேன திவாகரர் சன்மதி என்னும் நூலில் நிறுவியுள்ளார். விதியே என்று சோர்ந்து கிடப்பவரும், எல்லாம் என் முயற்சி என்று தருக்குபவரும் அவர் தராசில் ஒரே நிறையினர்.

நிமித்தம் என்னும் சொல்

நம் தமிழில் 'நிமித்தம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பல்லி சொல்வதும், பூனை குறுக்கே போவதும், இடக்கண் துடிப்பதும் ஆகிய சகுனம் ஒன்று. துணைக் காரணம் என்பது மற்றொன்று. நம் இல்லங்களில் நேரும் குழப்பம் பெரும்பாலும் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் விளைவதே. சகுனமாகக் கொள்பவன் நிகழ்ச்சியை நோக்கி, 'இது எனக்கு என்ன தரும்?' என்று கேட்கிறான். துணைக் காரணமாகக் கொள்பவன், 'இதனைப் பயன்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது?' என்று தன்னை நோக்குகிறான். இவ்விரண்டாவது வினாவைத்தான் நம் ஆசாரியர்கள் கற்பித்தனர்.

குடத்துக்கு மண் உபாதான காரணம். அதாவது, தானே குடமாக மாறும் முதற்காரணம். குயவனும் தண்டும் சக்கரமும் நிமித்த காரணம். மணலைச் சக்கரத்தில் இட்டு எத்துணை வல்ல குயவன் சுழற்றினாலும் குடம் வராது. இன்னும் நுட்பமான உவமை ஒன்றைத் தர்ம திரவியத்துக்கு நம் நூல்கள் கூறும்: மீன் நீந்துதற்கு நீர் உதவுகிறது, ஆனால் நீந்தாத மீனை நீர் நீந்துவிப்பதில்லை. கடற்கரையில் வாழ்வார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதே இல்லை. கடல்தான் மீனை நீந்தச் செய்தது என்று புதுமடத்து மீனவர் எவரும் சொல்லார். கடலின்றி மீன் நீந்தியது என்றும் சொல்லார்.

பொருத்தமான தற்செயல்கள் யாவும் இந்நீரைப் போன்றவை என்பதே நாம் கூற வருவது.

இரு கடல்களின் நடுவே

மானிடப் பிறவியின் அருமையை உணர்த்த நம் முன்னோர் கையாண்ட உவமைகளுள் நுகத்துளை உவமை தலைசிறந்தது. பிராகிருத நூல்களில் கிழக்குக் கடலில் ஒரு நுகத்தடியும், மேற்குக் கடலில் அந்நுகத்தின் கழியும் இடப்பட்டதாகச் சொல்லப்படும். அலைகளால் அலைப்புண்டு அக்கழி தானே மிதந்து சென்று, அந்நுகத்தின் துளையிலே புகுவது எத்துணை அரிதோ, அத்துணை அரிது எண்ணற்ற யோனிகளைக் கடந்து மக்கட் பிறவி எய்துதல் என்பது கருத்து. இதனைத் தமிழில் எடுத்தாண்ட திருத்தக்கதேவர், சீவக சிந்தாமணியின் முத்தியிலம்பகத்தில், நுகத்தை வடகடலிலும் கழியைத் தென்கடலிலும் வைத்தார்.

இராமநாதபுரக் கடற்கரையில் நிற்பவருக்கு இச்சொற்கள் செவியில் வேறுவகையாக ஒலிக்கும். ஏனெனில், இங்குள்ள மீனவர் பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடலை 'வடகடல்' என்றும், மன்னார் வளைகுடாவைத் 'தென்கடல்' என்றும் இன்றும் வழங்குகின்றனர். புதுமடம் தென்கடற்கரை, உச்சிப்புளிக்கு வடக்கே உள்ள ஆற்றங்கரை வடகடற்கரை. இடையே உள்ள நிலத்தை ஒரு முற்பகலில் நடந்து கடந்துவிடலாம். வாடை வீசும் திங்களில் வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். சோழகக் காற்றுக்குத் தென்கடல் சீறும். வடகடல் குளம்போல் கிடக்கும். அதற்கேற்ப வள்ளங்களும் படகுகளும் ஒரு கடலிலிருந்து மறுகடலுக்கு இடம் மாறும். இரண்டையும் இணைக்கும் பாம்பன் கால்வாயில் நீரோட்டமும் பருவத்துக்கேற்பத் திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் நீர் வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவத்தில் வடகடல் நீர் தெற்கே இறங்கும். ஆகவே, புதுமடத்தில் ஒருவன் கடலில் இட்ட கழி, காலமும் காற்றும் கூடினால், பாம்பன் வாயிலாக வடகடலை அடைதல் கூடும். தேவர் இக்கரையை எண்ணித்தான் பாடினார் என்று நாம் வாதிக்க வரவில்லை. காவியச் சொல்லும் மீனவர் சொல்லும் ஒத்திருப்பதும் ஒரு தற்செயலே. ஆனால் உவமையை நன்கு விளங்க வைக்கும் தற்செயல்.

உவமையில் நாம் கவனியாது விடுகின்ற ஒன்று உண்டு. கழி எத்துணைக் காலம் மிதந்து வரினும், நுகத்தில் துளை இல்லையேல் புகுவதற்கு இடம் ஏது? துளையை முன்னரே இட்டு வைத்தவன் ஒரு தச்சன். சந்திப்பு அலையின் செயல். ஏற்கும் இடம் உழைப்பின் செயல். கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளிப்போரைக் கேட்டாலும் இதையே சொல்வர். ஆயிரமாயிரம் சங்குகளுக்கு நடுவே எப்போதோ ஒரு வலம்புரி அகப்படுகிறது. அகப்படுவது நல்லூழ்தான். எனினும் அது நாள்தோறும் மூச்சடக்கி மூழ்கியவன் கைக்கே அகப்படுகிறது. (சங்கு நேமிநாத பகவானின் இலாஞ்சனம் என்பதை நம் குழந்தைகளுக்கு இவ்விடத்தில் நினைவூட்டலாம்.)

தரசேனர் கண்ட கனவு

நம் திகம்பர மரபின் முதற்பெரு நூலாகிய ஷட்கண்டாகமம் தோன்றிய வரலாற்றை வீரசேனாசாரியர் தவளா உரையில் எழுதி வைத்துள்ளார். கிர்நார் மலையின் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனாசாரியர் முதுமை எய்தினார். மகாவீர பகவானின் வாய்மொழியாக வந்த அங்க பூர்வ ஞானத்தின் ஒரு பகுதியை அறிந்த அவர், தம்மோடு அது மறைந்துபடுமே என அஞ்சினார். தென்னாட்டு முனிவர் குழாத்துக்குச் செய்தி விடுத்தார். அவர்கள் இரு முனிவரைத் தேர்ந்து அனுப்பினர். அவ்விருவரும் வந்து சேரும் நாளின் பின்னிரவில், வெண்ணிறக் காளைகள் இரண்டு தம் அடியில் வந்து வணங்குவதாகத் தரசேனர் கனவு கண்டார். பொழுது விடிந்தது, இரு முனிவரும் வந்து வணங்கினர்.

கனவும் நனவும் இத்துணைத் துல்லியமாகப் பொருந்தினால் நம்மில் யாவரும் என்ன செய்வோம்? 'இறைவனே அனுப்பினான்' என்று அப்போதே ஏட்டைக் கையில் கொடுத்துவிடுவோம். தரசேனர் அவ்வாறு செய்யவில்லை. வந்தவர்களைச் சோதித்தார். ஒருவருக்கு ஓர் எழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓர் எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து, இரு நாள் நோன்பிருந்து சாதிக்கப் பணித்தார். ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதைகட்கு உறுப்புக் குறை இராது. ஆதலின் பிழை மந்திரத்தில்தான் என்று உணர்ந்த இருவரும், இலக்கண அறிவு கொண்டு எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதைகள் செவ்விய உருவில் தோன்றின. அதன் பின்னரே ஆசாரியர் பாடம் தொடங்கினார். அம்மாணாக்கர்களே புஷ்பதந்தர், பூதபலி என்னும் பெயர் பெற்றனர். புஷ்பதந்தர் வனவாச நாட்டுக்கும், பூதபலி திரமிள நாட்டுக்கும், அதாவது நம் தமிழகத்துக்கும், சென்று நூலை நிறைவேற்றினர் என்பது வரலாறு.

கனவு வந்ததை வீரசேனர் மறைக்கவில்லை, பெரிதுபடுத்தவும் இல்லை. ஆசாரியருக்கு அது மகிழ்ச்சி அளித்தது. ஆயினும் நூலைக் கொடுக்கலாமா என்பதை முடிவு செய்தது கனவன்று. எழுத்துப் பிழையைக் கண்டறியும் புலமை. தற்செயலை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் நம் மரபில் இல்லை என்பது எம் கருத்து.

ஆடலும் நரியும்

கலை நிகழ்ச்சியே நிமித்தமாகும் இடமும் உண்டு. ஆதிபகவனின் அரசவையில் நீலாஞ்சனை என்னும் தேவமகள் ஆடிக்கொண்டிருந்தபோதே அவளுடைய ஆயுள் முடிந்தது. சுவை கெடாதிருக்க இந்திரன் அக்கணமே அவள் உருவில் வேறொருத்தியை நிறுத்தினான். தாளம் தவறவில்லை, அவையோர் ஒருவரும் அறிந்திலர். விருஷப தேவர் ஒருவரே அறிந்தார். அறிந்த அளவிலே பற்று நீங்கினார். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணத்தில் விரித்த இந்நிகழ்ச்சி, நம் ஸ்ரீபுராணத்திலும் இடம்பெற்றுள்ளது. இதனைச் சித்திரிக்கும் மிகப் பழைய கற்சிற்பம் ஒன்று மதுரா நகரத்துக் கங்காளி மேட்டில் கிடைத்து, லக்னோ அருங்காட்சியகத்தில் உள்ளது. நிமித்தம் அவையில் இருந்த அனைவர்க்கும் ஒன்றே; விளைவு ஒருவருக்கே.

இனி, திருத்தக்கதேவரைப் பற்றிய செவிவழி மரபுக்கு வருவோம். துறவிகளால் இன்பச்சுவை அமைந்த காப்பியம் பாட இயலாது என்று மதுரைப் புலவர் சிலர் கூற, தேவர் அது செய்யத் தம் ஆசிரியரிடம் இசைவு வேண்டினார். அவ்வேளையில் அவர்கள்முன் ஒரு நரி ஓடிற்று. ஆசிரியர், 'முதலில் இந்நரியைப் பற்றிப் பாடு' என்றார். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். அதன் திறம் கண்ட பின்னரே சிந்தாமணி பாட இசைவு கிடைத்தது.

நரி ஓடுவது வியப்பன்று. அக்காலத்து ஊர்ப்புறங்களில் நாளும் ஓடியிருக்கும். அதனைக் கண்டு விரட்டியவர் உண்டு. சகுனம் பார்த்தவரும் உண்டு. பாட்டாக்கியவர் ஒருவரே. அப்பாட்டின் பொருளும் நம் ஆராய்ச்சிக்கு இயைந்ததே. யானையை எய்யப் புற்றின்மேல் நின்ற வேடனைப் பாம்பு தீண்டுகிறது. பாம்பை அவன் மாய்க்கிறான். யானையும் வேடனும் பாம்பும் ஒரே இடத்தில் மாண்டு கிடக்கின்றன. அங்கு வந்த நரி இவ்வரிய கூட்டத்தைத் தனக்கு வாய்த்த பேறாகக் கருதி, யானை பல திங்களுக்கு, வேடன் சில நாளுக்கு, பாம்பு ஒரு நாளுக்கு எனக் கணக்கிட்டு, முதலில் வில்லின் நரம்பைச் சுவைப்போம் என்று கடிக்க, வில் நிமிர்ந்து பாய்ந்து அதன் உயிரைப் போக்கிற்று. நரியின் முன்னே நேர்ந்ததும் பெரும் தற்செயலே. புலவர் ஒரு நரியைக் கண்டு காவியத்துக்கு வழி திறந்துகொண்டார். நரி மூன்று பிணங்களைக் கண்டு தன் வாயைத் திறந்தது.

மூவர் கூடிய இடம்

சிலப்பதிகாரத்தின் பதிகம் கூறும் செய்தியும் இவ்வகையதே. குணவாயிற் கோட்டத்தில் துறவு பூண்டிருந்த இளங்கோவடிகளிடம் மலைக்குறவர் வந்து, வேங்கை மர நிழலில் ஒரு மார்பு இழந்த மங்கை விண் சென்றதைக் கண்டதாகச் சொல்கின்றனர். அவர்கள் முடிவை மட்டுமே கண்டவர்கள், காரணம் அறியார். உடனிருந்த சீத்தலைச் சாத்தனாரோ, மதுரை எரிந்த அன்று வெள்ளியம்பலத்தில் கிடந்தவர்; மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முன்வினை உரைத்ததைக் கேட்டவர். காரணம் அறிந்தவரும், முடிவு கண்டவரும், இரண்டையும் பாட்டாக்க வல்லவரும் ஓரிடத்தில் கூடினர். மூவருள் ஒருவர் வாராதிருப்பினும் நமக்குச் சிலம்பு இல்லை. சாத்தனார் பௌத்தம் போற்றியவர். அடிகள் அருகநெறி நின்றவர். ஒருவர் சொல்ல மற்றவர் பாட எழுந்தது இக்காப்பியம்.

கதைக்குள்ளும் ஒரு கொடிய பொருத்தம் உள்ளது. சிலம்பு விற்கச் சென்ற கோவலன் அத்துணைப் பெரிய நகரில் எதிர்ப்பட்டது, அரசியின் சிலம்பைத் திருடிய அதே பொற்கொல்லனை! இதனை இளங்கோவடிகள் ஊழ்வினையின் வருகையாகக் காட்டுகிறார். இக்காலத் திரைக்கதைகளில் வேண்டியபோதெல்லாம் தற்செயல் வந்து சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. அது சோம்பல். அடிகள் தற்செயலால் சிக்கலை இறுக்கினார். அவிழ்ப்பதை மாந்தரின் அறத்துக்கே விட்டார். படைக்க முயலும் நம் இளைஞர்கள் இவ்வேறுபாட்டை ஊன்றிக் காண்பார்களாக.

கும்பகோணத்தில் 1880

மேற்கூறியவை மரபு வழிச் செய்திகள். இனிக் கூறுவது நாளும் திங்களும் குறிக்கப்பட்ட வரலாறு. நம் சமூகத்தில் பலரும் அரைகுறையாக அறிந்திருப்பதாலும், இதில் நம் குடும்பங்களின் பங்கு இருப்பதாலும் சற்று விரித்துரைப்போம்.

திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற உ.வே.சாமிநாதையர், 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அந்நகருக்கு முனிசீபாக மாற்றலாகி வந்தார். அரசாங்கம் ஓர் அலுவலரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுவதைப் போல் சுவையற்ற செய்தி உண்டா? அம்மாற்றல்தான் தமிழ் இலக்கிய வரலாற்றைத் திருப்பியது. 1880 அக்டோபர் 21ஆம் நாள் ஐயர் முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். அந்நூல்களை ஐயர் கண்டதும் இல்லை. பின்னர் முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அவர் கையில் கொடுத்தார்.

அந்நாளில் சிந்தாமணி முற்றும் அச்சேறவில்லை. 1868இல் பவர் துரை என்னும் பாதிரியார் நாமகள் இலம்பகத்தை மட்டும் வெளியிட்டிருந்தார். நச்சினார்க்கினியர் உரையின் துணை இருந்தும் ஐயருக்கு நூல் விளங்கவில்லை. கதி, யோனி, வினை, சாரணர், சமவசரணம் என வரும் நம் சமயச் சொற்கள் சைவ மடத்தில் கற்ற அவருக்கு இருள். கும்பகோணத்தில் ஜைனர்கள் வாழ்வதை அறிந்து சந்திரநாத செட்டியாரை நாடினார். அவர் வழியாக வீடூர் அப்பாசாமி நயினார் இல்லத்துக்குச் சென்றார். வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமும் பொலிந்தன. இன்று என்ன பண்டிகை என்று கேட்டவருக்குக் கிடைத்த விடை: தொடர்ந்து படித்து வந்த சிந்தாமணி இன்று நிறைவேறிற்று, அதனைக் கொண்டாடுகிறோம்.

தமிழகத்தின் பெரும்புலவர்களும் மறந்துபோன நூல் ஒன்று, ஒரு சிராவகர் வீட்டில் அன்றுதான் படித்து முடிக்கப்பட்டது. அதே நாளில் அந்நூலின் பொருள் தேடி ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார். வடகடல் நுகத்தில் தென்கடல் கழி புகுந்தது இவ்வாறே. ஐயரின் ஆர்வத்தைக் கண்ட ஒரு ஜைன இல்லத்து அம்மையார் அவரைப் 'பவ்ய ஜீவன்' போலும் என்று சொன்னதாக ஐயரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். வீடு பேற்றுக்குரிய தகுதி உள்ளே அமைந்த உயிரே பவ்ய ஜீவன். உபாதானம் என்று நாம் மேலே நீட்டி விளக்கியதை அவ்வம்மையார் ஒரே சொல்லில் கூறிவிட்டார்!

இச்சந்திப்பில் யார் யாருக்கு நிமித்தம்? ஐயருக்கு முதலியார், முதலியாருக்கு அரசாங்க மாற்றல் ஆணை, ஐயருக்கு மீண்டும் நம் நயினார்களும் செட்டியார்களும், நம்மவர்க்கு ஐயர். உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுதலே அவற்றின் தன்மை என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் கூறியது ஈண்டு முழுதும் பொருந்துகின்றது. ஆனால் நாம் மறக்கலாகாத செய்தி ஒன்று. அவ்வீட்டில் சிந்தாமணி ஏடு பரணில் மட்டும் கிடந்திருந்தால் தோரணம் இராது. விளக்கம் சொல்ல ஆளும் இராது. யாரும் கேட்காத காலத்திலும், தலைமுறை தலைமுறையாக, பயன் கருதாது படித்து வந்தார்களே, அதுவே நுகத்தில் இட்ட துளை.

1887இல் சிந்தாமணி முழுமையாக அச்சேறியது. அதில் தொடங்கிய பணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என விரிந்தது. ஐயரின் பதிப்புப் பணியை ஆதரித்தவர்களுள் இராமநாதபுரத்துச் சேதுபதி மரபினரான பாண்டித்துரைத் தேவரும் ஒருவர். அவர் மதுரைக்கு வந்திருந்தபோது திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டிக் கேட்க, அத்தமிழ் நகரில் எங்கும் படி கிடைக்கவில்லையாம். அந்த ஏமாற்றமே 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கமாக எழுந்தது என்பர். படி கிடைக்காமற் போவது பலர்க்கும் நேர்வதுதான். பலரும் கடிந்து பேசிவிட்டு ஊர் திரும்பியிருப்பர்.

மேனாட்டார் கருத்து

சுவிட்சர்லாந்து நாட்டு மனநூல் அறிஞர் கார்ல் யுங், இத்தகைய பொருள் பொதிந்த உடன்நிகழ்வுகளை 1952இல் ஒரு தனிநூலில் ஆராய்ந்தார். இயற்பியல் அறிஞர் வோல்ப்காங் பவுலியும் அவரோடு இணைந்து எண்ணியவர். ஒரு பெண்மணி தாம் கனவிற் பெற்ற பொன்வண்டு அணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அதனை ஒத்த வண்டொன்று சாளரத்தில் வந்து மோதியதை யுங் எடுத்துக்காட்டுகிறார். உள்ளத்து நிகழ்வும் புறத்து நிகழ்வும் காரணத் தொடர்பின்றிப் பொருளால் மட்டும் இணைகின்றன என்பது அவர் கொள்கை. தரசேனரின் வெண்காளைக் கனவோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும். யுங் பொருத்தத்தைக் கண்டு வியந்து நிற்கிறார். தரசேனர் வியப்பைக் கடந்து சோதிக்கிறார். காரணமே இல்லை என்று கூறுவதையும் அநேகாந்த நெறி ஏலாது. முதற்காரணம் ஓரிடத்தும் துணைக்காரணம் வேறிடத்தும் இருக்கின்றன. அவை கூடுமிடம் நமக்குப் புதுமையாகத் தோன்றுகிறது.

கணித நூலார் வேறொரு பக்கத்திலிருந்து நம்மை எச்சரிக்கின்றனர். 23 பேர் கூடிய ஓர் அவையில் எவரேனும் இருவர்க்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, பாதிக்குச் சற்று மேல். கேட்பவர் நம்ப மறுப்பர்; ஆனால் கணக்கு அதுவே. இருவர் இருவராகச் சேர்த்துப் பார்க்க அங்கே 253 இணைகள் உள்ளன என்பதை நாம் எண்ணுவதில்லை. ஆகவே, நாம் அரிதெனக் கருதும் பல பொருத்தங்கள் அரியன அல்ல. மகளுக்கு வந்த வரனின் நட்சத்திரமும் காலஞ்சென்ற பாட்டனாரின் நட்சத்திரமும் ஒன்றாயிருப்பது கண்டு, 'பாட்டனாரே வந்து சொல்கிறார்' என்று வேறெதுவும் விசாரியாமல் மணம் முடிப்பது அறிவுடைமை ஆகாது. அந்த 27 நட்சத்திரங்களுக்குள்தானே எல்லாரும் பிறக்கவேண்டும்? நட்சத்திரத்தின் ஒற்றுமையைக் கண்டு மகிழலாம். மணமகனின் ஒழுக்கத்தைத் தனியே விசாரிக்க வேண்டும். தரசேனர் செய்தது அதுதான்.

நம் இல்லங்களில்

பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சிராவகி, பொன்னர் என்னும் புலவர் இயற்றிய சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படிகள் எழுதச் செய்து தானம் அளித்தார் என்று வரலாறு போற்றுகின்றது. எந்தப் படி எவர் கைக்குப் போகும், எந்நூற்றாண்டில் எவர் கண் திறக்கும் என்பதை அவ்வம்மையார் அறிந்திருக்க இயலாது. சாத்திர தானத்தின் இயல்பே அஃது. கழிகள் மிதந்துகொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு ஆயிரம் துளைகளை அவர் இட்டு வைத்தார்.

ஷட்கண்டாகமம் நிறைவேறியதைக் கொண்டாடும் சுருத பஞ்சமி ஆனித் திங்களை ஒட்டி வருகிறது. அன்று ஏடுகளையும் நூல்களையும் எடுத்துத் துடைத்து, பூசித்து, மீண்டும் பேழையில் வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வைப்பதற்கு முன் பிரித்துப் படிக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். சிந்தாமணியில் 13 இலம்பகங்களும் 3145 செய்யுள்களும் உள்ளன. நாள் ஒன்றுக்குப் பத்துச் செய்யுள் வீதம், இரவு உணவுக்கு முன்போ பின்போ, வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதென்று வைத்துக்கொண்டால் 315 நாட்களில் நிறைவேறிவிடும். வரும் சுருத பஞ்சமியன்று நாமகள் இலம்பகத்தைத் தொடங்குபவர்கள், அடுத்த சுருத பஞ்சமிக்குப் பல நாள் முன்பாகவே முத்தியிலம்பகத்தை முடித்து, வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டலாம்.